சீனக் கொய்யாவுக்காக ஒரு பயணம்

முதல் நாள், வெள்ளி

"கொய்யா பழுத்துவிட்டது. எப்போது வருகிறீர்கள்?"

பெரியத்தை போனில் கேட்டது அவ்வளவுதான். ஜூலை பிறந்துவிட்டால் தெற்கே இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து இப்படித்தான் அழைப்பு வரும். மொரீஷியஸில் இது குளிர்காலம். மேட்டுக் காடுகளில் சீனக் கொய்யா சிவந்து தொங்கும் நேரம். வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்கு லீவு சொன்னார், நானும் சொன்னேன். பாப்பா தன் சின்ன நீல வாளியை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பெரியத்தை என்றால் என் வீட்டுக்காரரின் பெரியம்மா. சுயாக் ஊருக்குப் பக்கத்தில் சூரினாம் என்ற கிராமத்தில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இந்தத் தீவில் பெரும்பாலான தமிழர் வீடுகளில் புழங்குவது கிரியோல். தமிழ், பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படித்து வருவது. பெரியத்தையின் தமிழும் அப்படிப் படித்து வந்ததுதான். "வாருங்கள், அமருங்கள், களைப்பாக இருக்கிறீர்களா?" என்று ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் பேசுவார். கும்பகோணத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், அந்தப் பேச்சை முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு ஒரு தாய் வீடு இருக்கிறது.

ரோஸ் ஹில்லை விட்டுக் கிளம்பும்போது மணி நாலரை. கியூர்பிப்பில் வழக்கம்போல மழை. நூவெல் பிரான்ஸ் தாண்டிச் சாலை தெற்கே இறங்கத் தொடங்கியதும் வானம் வெளுத்து, இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம் வந்தது. கரும்பு பூத்திருந்தது. வெள்ளிக் கதிர்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய, கடைசி வெயில் அதில் விழுந்து ரோஜா நிறமாக மாறியது. வெட்டு ஆரம்பித்துவிட்டால் இந்தக் காட்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நின்றோம்.

தோட்டத்துக்கு நடுநடுவே கருங்கல் குவியல்கள் சின்ன கோபுரம் மாதிரி நிற்கும். எரிமலைத் தீவு இது. நிலத்தில் கிடந்த கல்லையெல்லாம் கையால் பொறுக்கி அடுக்கித்தான் கரும்பு நட இடம் கண்டிருக்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களும் சுமந்த கல். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் குவியல் பக்கம் போனால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். சோறு, கறுப்புப் பருப்பு, தக்காளிச் சட்னி, முருங்கைக்கீரைச் சாறு. முருங்கைக்கு இங்கே 'மூரூம்' என்று பெயர். பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. ரசம் 'ராசோன்'. பேச்சு மாறிப்போன வீடுகளிலும் அடுப்படியில் இந்தச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. கீரையைத் தோட்டத்தில் இருந்து அப்போதுதான் உருவியிருக்கிறார். சாற்றில் பூண்டும் இஞ்சியும் மட்டும். மூன்று கிண்ணம் குடித்தேன்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

இரண்டாம் நாள், சனி

விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அண்ணனும் வந்துவிட்டார். தேசியப் பூங்காவில் களையெடுக்கும் வேலை பார்த்தவர். காட்டில் எந்த மூலையில் எது பழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஐந்து பேர், நாலு வாளி, இரண்டு கொக்கிக் கம்பு, ஒரு பை நிறைய பராட்டாவும் உருளைக்கிழங்குக் கறியும், ஃப்ளாஸ்க்கில் வனிலா டீ.

ரிவியேர் தேஸ் ஆங்கீ என்றால் விலாங்கு ஆறு. அந்த ஊரிலிருந்து வடக்கே திரும்பினால் சாலை ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச தூரத்தில் கரும்பு முடிந்து தேயிலை தொடங்குகிறது. புவா ஷெரி தோட்டம் இது. 1892-லிருந்து இங்கே தேயிலை. பனிக்குள் ஏழெட்டுப் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எங்கள் ஃப்ளாஸ்க்கில் இருந்த டீயும் இங்கே விளைந்ததுதான். வனிலா மணம் சேர்த்த டீ இல்லாமல் இந்தத் தீவில் யார் வீட்டிலும் காலை விடியாது.

கங்கா தலாவில் இறங்கிக் கும்பிட்டோம். 33 மீட்டர் உயரச் சிவனுக்கு இடுப்புக்கு மேலே பனி மூடியிருந்தது. குளத்தங்கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. சிவராத்திரியில் லட்சக்கணக்கில் ஜனம் நடந்து வரும் இடம் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று நினைத்தபடி திரும்பினேன்.

அங்கிருந்து பெத்ரேன், அப்புறம் பிளேன் ஷாம்பாஞ். மேட்டுச் சமவெளி. சாலை ஓரத்தில் அந்த நேரத்துக்கே பத்துப் பதினைந்து கார்கள், ஒரு வேன். டிக்கிகள் திறந்திருந்தன. புதருக்குள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது, ஆள் தெரியவில்லை.

சீனக் கொய்யா என்றாலும் இதற்கும் சீனாவுக்கும் சம்பந்தம் இல்லை. பிரேசில் நாட்டுச் செடி. கிரியோலில் 'கோயாவ் த சின்'. நம் ஊர்க் கொய்யாவின் தங்கை என்று சொல்லலாம். பட்டை அதே மாதிரி வழவழப்பாக உரியும். இலை மட்டும் சிறியது, எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும். பழம் பெரிய நெல்லிக்காய் அளவு. காயாக இருக்கும்போது பச்சை, பழுத்தால் ரத்தச் சிவப்பு. முழுச் சிவப்பாக இருப்பதை விட, காம்புப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கும் பழம்தான் ருசி என்பது பெரியத்தையின் முடிவு. எனக்கும் அதுதான். வாயில் போட்டதும் முதலில் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, கூடவே ஒரு பன்னீர் வாசம். கடைசியில் கல்லு கல்லாக விதை.

அண்ணன் சாலையோரத்தில் நிற்கவிடவில்லை. செம்மண் பாதை ஒன்றில் கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனார். இரவு பெய்த மழையில் இலையெல்லாம் நீர். ஒரு கிளையைக் கொக்கியால் வளைத்தால் தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த தண்ணீர் கொட்டும். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நனைந்தாயிற்று. அதற்குப் பிறகு நனைவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பறிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. கட்டைவிரலால் லேசாகத் திருப்பினால் பழுத்தது தானே கையில் விழும். விழாவிட்டால் அது நாளைக்கு வருகிறவருக்கு. இதைப் பெரியத்தை பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "திருப்பு. வருகிறதா? வரவில்லையா? விட்டுவிடு." ஒரு மணி நேரம் இதே நாலு வார்த்தைகள் புதருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. குளிரில் பெரியத்தையின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நிறுத்தவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். கிளையை ஒரு கையில் வளைத்து, இன்னொரு கையால் நாலு பழத்தை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கைக்குள் உருட்டி, நிறைந்ததும் வாளியில் சத்தமில்லாமல் இறக்குவார். மேலிருந்து போட்டால் பழம் கன்றிவிடுமாம்.

வாளி முக்கால்வாசி நிறைந்தபோது பாப்பா சேற்றில் வழுக்கி விழுந்தாள். அடி எதுவும் இல்லை. ஆனால் வாளி கவிழ்ந்து பழமெல்லாம் சரிவில் உருண்டு, கீழே ஓடும் கால்வாய்ச் சேற்றுக்குள் போய்விட்டது. காலையிலிருந்து அவளே பறித்தது. வாயைத் திறந்து அழக்கூட இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு காலி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் பறித்துக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள். அதில் ஒரு வயதான அம்மா வந்தார். எதுவும் கேட்கவில்லை. தன் வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி நீல வாளியில் போட்டார். அவருக்குப் பின்னால் அவர் மருமகள், அப்புறம் ஒரு பையன். ஆளுக்கு ஒரு கை. வாளி பாதி நிறைந்துவிட்டது. பெரியத்தை கிரியோலில் நன்றி சொல்ல, அந்த அம்மா காட்டைக் காட்டி, இது நான் நட்டதா என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு பேச்சை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் காசு கொடுத்து வாங்கிய பழமாக இருந்தால் அந்த அம்மா கொடுத்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு சுலபமாகக் கை நீண்டிருக்காது. வேலியும் விலையும் இல்லாத பழம் மனிதர்களை இப்படி ஆக்கிவிடுகிறது.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தைச் சொன்னார். அதையும் எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கொய்யா வெளியிலிருந்து வந்து இந்தத் தீவின் சொந்தக் காட்டை நெரிக்கிற மரம். குரங்கும் காட்டுப்பன்றியும் பறவையும் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். ஒரு இடத்தில் வேர் பிடித்தால் கம்பி நட்ட மாதிரி நெருக்கமாக வளர்ந்து கீழே வெளிச்சமே விழாது. கருங்காலி மாதிரி உள்ளூர் மரங்களின் கன்று தலை தூக்க முடியாது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழைய காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதைக் காக்கத்தான் 1994-ல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவை ஏற்படுத்தினார்கள், சுமார் 67 சதுர கிலோமீட்டர். பெத்ரேனில் வேலி போட்டுக் களையெடுத்த ஒரு பகுதி இருக்கிறது. அண்ணன் அந்த மாதிரி இடங்களில்தான் வேலை பார்த்தார்.

"பிடுங்கிப் பாருங்கள்" என்று முழங்கால் உயரக் கன்று ஒன்றைக் காட்டினார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் இழுத்தார். மண்ணோடு பாதி வந்தது, மீதி வேர் உள்ளேயே அறுந்து நின்றது. "இந்த மீதி போதும், மறுபடி முளைக்கும்" என்றார். பிறகு தன் பையிலிருந்து பழத்தை எடுத்து உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றார். இந்த மரத்தை வெட்டி வெட்டிக் கை காய்த்தவர், இந்தப் பழத்தை இவ்வளவு ஆசையாகத் தின்கிறாரே என்று பார்த்தேன். தின்று தீர்ப்பதும் ஒரு வேலைதான் என்றார். கன்றிப்போனதைக் காட்டுக்குள் வீசக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்துவிட வேண்டும் என்று பாப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் முன் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடைக்குப் போனோம். பனி விலகி, எதிரே தீவின் உயரமான சிகரம் தெரிந்தது, 828 மீட்டர். வெள்ளைப் பறவை இரண்டு, நீண்ட வாலோடு, எங்களுக்குக் கீழே மிதந்தன. வாலில் வைக்கோல் செருகின பறவை என்று இங்கே பெயர். பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்கு எப்போதும் அதிசயம்தான். அதற்குள் பின்னால் ஒரு குரங்கு எங்கள் ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, காலிப் பை.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலை முழுக்க அடுப்படி. பழத்தைத் தரம் பிரித்தோம். நல்லது தின்பதற்கு, கனிந்தது ஜாமுக்கு, கன்றியது முதலில் வேகவைக்க.

தோட்டத்தில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு. பழத்தை முங்க முங்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து, மசிந்ததும் சல்லடையில் தேய்த்து விதையை எடுக்க வேண்டும். இதுதான் பெரிய வேலை. பழத்தில் பாதி விதைதான் என்று அப்போதுதான் தெரியும். வடிந்த கூழுக்குச் சமமாகச் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சை. பிறகு நிற்காமல் கிண்ட வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தது மெல்ல மெல்ல ஆழ்ந்து, பழைய செங்கல் நிறத்துக்கு வந்தது. குமிழி சின்னதாக இருக்கும்வரை பயமில்லை. கூழ் கெட்டியானதும் பெரிய குமிழி 'பொதக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கும். பெரியத்தை நீளமான அகப்பையை வைத்துக்கொண்டு எட்டி நின்று கிண்டினார். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, சாய்த்தால் ஓடாமல் நின்றதும், "இறக்கு" என்றார்.

பக்கத்தில் எனக்கு அம்மி வேலை. இங்கே அதை 'ரோஷ் காரி' என்பார்கள், அதாவது கறிக் கல். குழவிக்குப் பெயர் 'பாபா'. தேங்காய், புதினா, புளி, பச்சை மிளகாய் வைத்து நான் அரைக்க, பாபாவைக் கையில் தொடவேண்டும் என்று பாப்பா அடம். அவள் இரண்டு இழுப்பு இழுத்தாள். எங்கள் பாட்டி வீட்டு அம்மியின் சத்தம் அதே சத்தம். கல்லும் கல்லும் உரசும் இடத்தில் முதலில் கரகரப்பாகத் தொடங்கி, தேங்காய் நெய் விட்டதும் வழுக்கி வழுக்கிப் போகும்.

மதியம் சுயாக்கில் டெல்ஃபேர் தோட்டம். கடலை ஒட்டிய பழைய தோட்டம், விழுது இறங்கிய ஆலமரங்கள், வாதுமை மரங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தத் தீவில் யாரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். சட்டி, பாய், பாட்டி, குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸை வாடகைக்கு எடுத்து முழுத் தெருவாக வருகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கம் இருபத்திரண்டு பேர். பிரியாணி டேக்சா ஒரு பக்கம், பலாக்காய்க் கறி ஒரு பக்கம், நடுவில் வாழை இலை.

சாயங்காலம் பக்கத்துக் குடும்பத்தில் ஒருவர் ராவான் எடுத்தார். ஆட்டுத்தோல் கட்டிய பெரிய வட்டப் பறை. நேரே அடிக்கவில்லை. காய்ந்த சருகைக் குவித்துக் கொளுத்தி, தோலை அந்தச் சூட்டில் காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் பறையைக் காய்ச்சுவார்களே, அச்சு அசல் அதே. தளர்ந்திருந்த 'தொப்' மெல்ல மெல்ல 'டும்' ஆனது. அப்புறம் சேகா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் இந்த மண்ணில் உண்டாக்கிய ஆட்டம். 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலைத் தரையிலிருந்து எடுக்காமல் இடுப்பாலேயே ஆட வேண்டும். எங்கள் வீட்டு மாமா ஒருவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர், அந்தத் தாளத்துக்கு எழுந்து ஆடினார். எல்லோரும் கை தட்டினோம். பெரியத்தை உட்கார்ந்த இடத்திலேயே தோளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன் கிரி கிரி கடற்கரை வரை நடந்தோம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி மாதிரி நின்று அலையை உடைத்துவிடும். இந்த இடத்தில் வேலி விட்டுப்போயிருக்கிறது. தெற்குக் கடல் நேரே வந்து கரும்பாறையில் மோதுகிறது. குளிக்க முடியாது. பேசினால் காது கேட்காது. இங்கிருந்து தெற்கே போனால் அண்டார்டிகாதான், நடுவில் நிலமே இல்லை என்று என் வீட்டுக்காரர் பாப்பாவின் காதில் கத்தினார். அவள் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள், திங்கள்

மழை. ரோசெஸ்டர் அருவிக்குப் போவதாக இருந்தது, பாதை சேறு என்று அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். சரி என்று திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தோம். தகரக் கூரையில் மழை கேட்டபடி இரண்டு மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தோம். ரோஸ் ஹில்லில் இப்படி உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

கிளம்பும்போது பெரியத்தை டிக்கியில் ஏற்றியது: ஆறு பாட்டில் ஜாம், ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் 'சீனக் கொய்யா, ஆனி' என்று அவர் கையெழுத்து. ஒரு பை பழம். மூன்று முருங்கைக் கொம்பு, ஈரச் சாக்கில் சுற்றி. மாடி வீட்டில் எங்கே நடுவது என்று கேட்டதற்கு, "பெரிய தொட்டியில் நடு, ஒரு கொம்பாவது பிழைக்கும்" என்றார்.

கடைசியாகப் பாப்பாவைக் கூப்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். இந்த நாட்டில் மந்திரியாக இருந்த தமிழர். இங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவளிடம் கொடுக்காமல், நோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"முதலில் படி."

பாப்பா மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "நூ… நூறு…"

"அப்புறம்?"

"ரூ…"

மழை வலுத்துவிட்டது. வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியத்தை அவசரப்படவில்லை. குடையைப் பாப்பாவின் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தில் விரலை வைத்தார்.